எட்னாவைப் பார்க்க எங்கே தங்குவது: கத்தானியாவா, தவோர்மினாவா, சிரக்கூசாவா?

இத்தாலியின் சிசிலித் தீவின் கிழக்குக் கரைக்கு நான்கைந்து நாள் பயணம் போக நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஊரில் அறை எடுப்பது என்பதைத்தான். விமானம் கத்தானியாவில் இறங்குகிறது. ஆனால் இறங்கியவர்களில் பலர் நகருக்குள் கால் வைக்காமலே வடக்கே தவோர்மினாவுக்கோ தெற்கே சிரக்கூசாவுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். பயண முகவர்கள் தரும் திட்டங்களிலும் கத்தானியா பெரும்பாலும் இறங்குமிடமாக மட்டுமே இடம்பெறுகிறது. எட்னா எரிமலையை அருகில் சென்று காண்பதும், பழைய நகரம் ஒன்றில் சில நாள் நடமாடுவதும் பயணத்தின் நோக்கம் என்றால், அந்த வழக்கத்தை விட்டுவிட்டுக் கத்தானியாவிலேயே தங்குவது நல்லது என்பது என் கருத்து. அதே சமயம், இந்தக் கருத்து எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

எரிமலையும் பழம்பெரும் நகரமும் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நேப்பிள்ஸ் என்பதால், அதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். நேப்பிள்ஸை அடுத்துள்ள வெசூவியஸ் 1,281 மீட்டர் உயரமுடையது; 1944க்குப் பிறகு அது வெடிக்கவில்லை. கி.பி. 79இல் அது புதைத்த பொம்பெயியும் ஹெர்குலேனியமும்தான் அங்கே மக்களை ஈர்க்கின்றன. ஒரு மலை என்றோ ஒருநாள் செய்த அழிவு அப்படியே உறைந்து நிற்பதைக் காண வேண்டுமென்றால் அந்த இரண்டு இடங்களுக்கும் ஈடில்லை. எட்னாவோ இன்றும் வேலையில் இருக்கும் மலை. ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சி, ஒவ்வொரு வெடிப்பிலும் வளர்ந்தும் இடிந்தும் மாறுவதால், அளவை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். உறைந்த நகரம் வேண்டுபவர் நேப்பிள்ஸுக்குச் செல்லட்டும். புகைந்துகொண்டிருக்கும் மலையோடு சேர்ந்து வாழும் நகரம் வேண்டுபவருக்கே இனி வரும் பத்திகள்.

தவோர்மினாவின் அழகை மறுப்பவர் யாரும் இல்லை. கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டின் மேல் அமைந்த சிற்றூர் அது. கிரேக்கர்கள் தொடங்கி ரோமானியர்கள் திருத்திக் கட்டிய அங்குள்ள நாடக அரங்கில் அமர்ந்தால், இடிந்துபோன மேடைச் சுவரின் இடைவெளி வழியே ஒருபக்கம் கடலும் மறுபக்கம் எட்னாவும் தெரியும். 1787இல் அங்கே வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே வியந்து எழுதியதும் இந்தக் காட்சியைத்தான். ஆனால் ஊர் என்பது கோர்சோ உம்பர்த்தோ என்ற ஒரு கடைத்தெருவும் அதன் கிளைச் சந்துகளும்தான். கோடையில் அந்தத் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. அறை வாடகை கத்தானியாவைவிட மிக அதிகம். குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடிக் கிடக்கும். ரயில் நிலையம் கீழே கடலோரத்தில் இருப்பதால், எங்கே போனாலும் முதலில் பேருந்திலோ டாக்சியிலோ இறங்கி, திரும்பும்போது மறுபடியும் ஏற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தவோர்மினாவிலிருந்து எட்னா ஒரு காட்சி மட்டுமே. மலைக்குச் செல்ல வேண்டுமானால் வாடகைக் கார் எடுக்க வேண்டும், அல்லது சுற்றுலா நிறுவனத்தின் வண்டியில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். தேனிலவுக்கு வருபவர்களுக்கும், ஒரே இடத்தில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதையே ஓய்வாகக் கருதுபவர்களுக்கும் தவோர்மினா சரியான தேர்வு என்பதில் ஐயமில்லை.

சிரக்கூசாவின் நிலை வேறு. ஒர்த்தீஜியா என்ற சிறு தீவுப் பகுதியில் அதன் பழைய நகரம் இருக்கிறது; அங்குள்ள பேராலயத்தின் சுவர்களுக்குள், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதீனா கோயிலின் தூண்கள் இன்றும் பாரம் தாங்கி நிற்கின்றன. ஒரு சமயத்தின் கோயிலுக்குள் இன்னொரு சமயம் குடியேறியதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கட்டடங்கள் அரிது. ஆர்க்கிமிடீசின் ஊர், கி.மு. 212இல் ரோமானியப் படையிடம் விழுந்தபோது அவர் கொல்லப்பட்ட ஊர் என்பது தனிச் சிறப்பு. கிரேக்க நாடகங்களை அவை பிறந்த காலத்து அரங்கிலேயே பார்க்க விரும்புவோர், மே, ஜூன் மாதங்களில் அங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும். ஆயினும் எட்னாவுக்கும் சிரக்கூசாவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மலைக்குச் செல்வதென்றால் அங்கிருந்து கத்தானியா வந்துதான் செல்ல வேண்டும். கத்தானியாவிலிருந்து சிரக்கூசாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் என்பதால், அதை ஒரு பகல் பயணமாக வைத்துக்கொள்வதே எளிது.

கத்தானியாவுக்கு முதன்முதலாக வருபவருக்கு ஏமாற்றம் வருவது இயல்பு. நகரம் கறுத்திருக்கிறது. சுவர்களில் கிறுக்கல்கள், நடைபாதையை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், பூச்சு உதிர்ந்த மாடங்கள் என்று முதல் மணி நேரத்தில் கண்ணில் படுபவை எதுவும் அஞ்சலட்டைக்கு உரியவை அல்ல. ஆனால் அந்தக் கறுப்பு அழுக்கினால் வந்தது அல்ல என்பதை அறிந்துகொண்டால் பார்வை மாறிவிடும். நடைபாதையின் கற்கள், அரண்மனைகளின் சுவர்கள், ஆலயங்களின் அடித்தளம் ஆகிய பலவும் எட்னா கக்கிய எரிமலைக் குழம்பு இறுகிய கல்லிலிருந்து செதுக்கப்பட்டவை. அந்தக் கருங்கல்லின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை அலங்காரமாக வைத்து இழைப்பதுதான் இந்த ஊரின் கட்டடக்கலை. மலையைத் தொட 1,900 மீட்டர் ஏற வேண்டியதில்லை. விடுதிக் கதவைத் திறந்து காலை வைத்தாலே மலையின் மேல்தான் நிற்கிறோம்.

கி.மு. 729இல் கிரேக்கக் குடியேறிகள் நிறுவிய இந்நகரம், இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரழிவுகளைக் கண்டது. 1669 மார்ச் 11ஆம் தேதி நிக்கோலோசி என்ற மலைக் கிராமத்தின் அருகே எட்னாவின் விலா வெடித்துப் புறப்பட்ட குழம்பு, ஏப்ரல் மாதத்தில் நகரின் மதிலை அடைந்து, மேற்குப் பகுதியை மூடிக் கடலில் இறங்கியது. அப்போது கத்தானியாவைச் சேர்ந்த சிலர் நனைத்த தோல்களைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கோல்களால் குழம்பாற்றின் இறுகிய கரையை உடைத்து, ஓட்டத்தை வேறு திசைக்குத் திருப்ப முயன்றார்கள். முயற்சி ஓரளவு பலித்தது. ஆனால் புதிய ஓட்டம் பத்தர்னோ ஊரை நோக்கிச் சென்றதால் அவ்வூரார் ஆயுதங்களோடு வந்து அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். உடைத்த வாய் அடைபட, குழம்பு மீண்டும் பழைய வழியையே பிடித்தது. யாருடைய ஊரைக் காப்பது என்ற அந்தக் கேள்விக்கு இன்றைய சட்ட வல்லுநர்களும் எளிதாக விடை சொல்லிவிட முடியாது.

அந்த வெடிப்பின் சாட்சியாக உர்சீனோ கோட்டை நிற்கிறது. பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1239 முதல் 1250 வரை கட்டுவித்தபோது அது கடலோரக் காவல் கோட்டை. குழம்பு அதன் அகழியை நிரப்பிக் கடலையும் பின்னுக்குத் தள்ளியதால், இன்று அது கரையிலிருந்து தொலைவில், வீடுகளுக்கு நடுவே, காவல் காக்க எதுவுமின்றி நிற்கிறது. உள்ளே நகர அருங்காட்சியகம் இயங்குகிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, வெளியே ஒருமுறை சுற்றி வந்து குழம்புக் கல்லைக் காண வேண்டும்.

1693 ஜனவரி 11ஆம் தேதி வந்த நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலி முழுவதையும் தரைமட்டமாக்கியது. மொத்தம் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர், கத்தானியா மக்களில் பெரும்பகுதியினர் அதில் அடங்குவர். எஞ்சியவர்கள் இடம் மாறிப் போகாமல், இடிபாடுகளின் மேலேயே அகன்ற நேர்த்தெருக்களோடு புதிய நகரத்தைக் கட்டினார்கள். ரோமில் பயின்று வந்த கட்டடக் கலைஞர் வக்கரீனி 1730களில் பேராலயச் சதுக்கத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். சதுக்கத்தின் நடுவே அவர் நிறுத்திய யானை நீரூற்றை ஊர்க்காரர்கள் லியோத்ரு என்று அழைக்கிறார்கள். எரிமலைக் கல்லில் செதுக்கிய பழைய யானை ஒன்று, முதுகில் எகிப்திய பாணிக் கல்தூணைச் சுமந்து நிற்கும் அந்தச் சிலைதான் நகரத்தின் சின்னம். மறுகட்டுமானத்தில் உருவான எட்டு ஊர்களை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நோத்தோ, ரகூசா, மோதிகா முதலியவற்றோடு கத்தானியாவும் இடம்பெற்றது. நோத்தோவைத் தேடிச் செல்பவர்கள் கத்தானியாவைக் கடந்துதான் செல்கிறார்கள் என்பது வேடிக்கை. நகரின் மேற்குவாயிலில் பொறித்துள்ள லத்தீன் வாசகத்துக்கு, சாம்பலிலிருந்து முன்னிலும் மேலாக எழுகிறேன் என்பது பொருள்.

பழைய நகரம் முழுவதும் புதிய நகரத்தின் அடியில் கிடக்கிறது என்பதால், இங்கே பார்க்க வேண்டியவை பலவும் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. ஸ்தெசீக்கரோ சதுக்கத்தில், போக்குவரத்துக்கு நடுவே ஒரு பெரிய குழியாகத் தெரிவது ரோமானியர் காலத்து வட்டரங்கின் ஒரு சிறு பகுதிதான். மற்ற பகுதி சுற்றியுள்ள கட்டடங்களின் அடியில் புதைந்துள்ளது. ரோமானிய நாடக அரங்கின் தரையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும்; நிலத்தடியில் ஓடும் அமெனானோ ஆற்றின் கசிவு அது. அதே ஆறு பேராலயச் சதுக்கத்தின் மூலையில் ஒரு பளிங்கு நீரூற்றாக வெளிப்பட்டு, விரிப்பைப் போலப் பரந்து விழுந்து மறுபடி மறைகிறது. அந்த நீரூற்றின் பின்னால் படியிறங்கினால் மீன் சந்தை. காலை ஒன்பது மணிக்குள் சென்றால் வாள்மீன் தலைகளுக்கும் கூவும் வியாபாரிகளுக்கும் இடையே நகரத்தின் குரலைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லை. நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் மிச்சம் இருந்தால், பெனடிக்டின் துறவிகளின் மடத்துக்குச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஐரோப்பாவின் மிகப்பெரிய மடங்களுள் ஒன்றான அது, இப்போது 1434இல் தோன்றிய கத்தானியா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அடித்தளத்தில் ரோமானிய வீட்டின் தரை, மதிலருகே 1669ஆம் ஆண்டின் குழம்பு, மேல்மாடியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் என்று அனைத்தையும் ஒரே கட்டடத்தில் காணலாம்.

இனி மலைக்குச் செல்லும் வழிகள். கத்தானியாவில் தங்குவதன் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. எட்னாவின் உச்சியை மேகம் மூடிவிட்டால், மேலே போனவர் பார்ப்பது வெண்மூட்டம் ஒன்றையே. முன்பதிவு செய்த சுற்றுலா வண்டி அந்த நாளில்தான் போகும். நகரத்தில் தங்கியிருப்பவரோ, காலையில் எட்னேயா வீதியில் நின்று வடக்கே பார்த்துவிட்டு, மலை தெளிவாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் மறுநாளுக்குத் தள்ளலாம். பேராலயச் சதுக்கத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நேராக நீளும் அந்த வீதியின் மறுமுனையில் மலை நிற்கும்படியாகவே நகரம் அமைந்துள்ளது.

தெற்குச் சரிவுதான் முதல் முறை செல்பவர்களுக்கு ஏற்றது. ரயில் நிலையத்தின் எதிர்ப்புறமிருந்து காலை எட்டு மணியளவில் ஒரே ஒரு பேருந்து சப்பியென்சா விடுதிக்கு ஏறி, பிற்பகலில் திரும்புகிறது; நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அதைத் தவறவிட்டால் டாக்சி ஒன்றே வழி. 1,900 மீட்டர் உயரத்திலுள்ள அந்த இடத்திலிருந்து கம்பிவட ஊர்தி 2,500 மீட்டர் வரை செல்கிறது. அதற்குமேல் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஏறத்தாழ 2,900 மீட்டர் வரை ஏற்றிச் செல்கிறார்கள். கம்பிவட ஊர்திக்கு மட்டும் ஏறத்தாழ 50 யூரோ ஆகும் என்பதால், குடும்பமாகச் செல்பவர்கள் முதலில் செலவைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. அவ்வளவு செலவிட விரும்பாதவர்கள், விடுதிக்கு அருகிலேயே 1892 வெடிப்பில் உருவான சில்வெஸ்த்ரி எரிமலை வாய்களின் விளிம்பில் நடந்தாலே எரிமலை என்றால் என்ன என்பது காலுக்குத் தெரிந்துவிடும். உச்சி வாய்களுக்கு வழிகாட்டி இல்லாமல் செல்வதை மலையின் அன்றைய நிலையைப் பொறுத்துத் தடை செய்கிறார்கள். 2025 ஜூன் 2ஆம் தேதி தென்கிழக்கு வாயின் ஒரு பகுதி சரிந்து, சாம்பலும் வெப்ப வாயுவும் கலந்த பெருமேகம் உருண்டு வந்தபோது, மேலே இருந்த பயணிகள் ஓடித் தப்பினார்கள். தடையை மீறலாமா என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்கட்டும்.

வடக்குச் சரிவில் பியானோ புரோவென்சானா என்ற இடம் இருக்கிறது. பைனும் பிர்ச்சும் வளர்ந்த காடுகள், குறைந்த கூட்டம், தவோர்மினாவிலிருந்து வருவோருக்கு அண்மை ஆகியவை அதன் நிறைகள். 2002இல் குழம்பு அங்கிருந்த பனிச்சறுக்கு நிலையத்தை மூடியதால், இன்று காணும் கட்டடங்கள் அதற்குப் பின் வந்தவை. கார் இல்லாதவர்கள் அதை மறந்துவிடலாம்.

மலையில் ஏறாமலே அதைச் சுற்றிவரும் மூன்றாவது வழியும் உண்டு. 1895 முதல் 1898 வரை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட எட்னா சுற்றுவட்ட ரயில், குறுகிய இருப்புப்பாதையில் பத்தர்னோ, அத்ரானோ, புரோந்தே, ரந்தாட்சோ ஊர்கள் வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வளைந்து ரிப்போஸ்தோவில் கடலைத் தொடுகிறது. பழைய குழம்பாறுகளை வெட்டிப் போட்ட பாதை, புரோந்தேயின் பிஸ்தா தோட்டங்கள், எரிமலைக் கல்லாலேயே கட்டிய ரந்தாட்சோவின் ஆலயங்கள் என்று ஒரு முழு நாளை அது நிறைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், உயரத்தில் மூச்சு வாங்குபவர்களுக்கும் கம்பிவட ஊர்தியைவிட இதுவே மேல். ஞாயிற்றுக்கிழமை ரயில் இல்லை. நகரை ஒட்டிய பகுதியில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடப்படுகிறதா என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கத்தானியாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். எட்னா சாம்பலைத் தூவும் நாட்களில் மாடங்களும் தெருக்களும் கறுப்பு மணலால் நிரம்பும். இரு சக்கர வண்டிகளுக்குத் தற்காலிகத் தடைகூட வருவதுண்டு. 2024 ஜூலையில் நிகழ்ந்ததைப் போல விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படலாம். ஆனால் தவோர்மினாவில் தங்குபவரும் சிரக்கூசாவில் தங்குபவரும் அதே விமான நிலையத்தையே நம்பியிருப்பதால், இந்தக் குறை மூன்று ஊர்களுக்கும் பொது. குளிப்பதற்கு நல்ல கடற்கரை நகரின் நடுவில் இல்லை. தெற்கே லா பிளாயா மணற்கரைக்கோ, வடக்கே கருங்கற்கரைக்கோ பேருந்தில் போக வேண்டும். பெல்லினி அரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் மாணவர் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் கலையாது என்பதால், தூக்கம் வேண்டுபவர்கள் குரோச்சிபெரி வீதியின் பக்கம் அறை தேடலாம். கோடையின் வெப்பத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது: ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகப் பதிவான 48.8 பாகை செல்சியஸ், 2021 ஆகஸ்டு 11 அன்று சிரக்கூசாவை அடுத்துள்ள பகுதியில் பதிவானது. ஏப்ரல், மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். அப்போதும் மலைமேல் கம்பளி உடை தேவைப்படும். பிப்ரவரி 3 முதல் 5 வரை புனித ஆகத்தாவின் திருவிழாவுக்கு நகரமே தெருவில் இறங்கும். அதைக் காண்பவர்கள் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும், கூட்டம் ஆகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும்.

சாப்பாட்டில் கத்தானியா மற்ற இரண்டையும் எளிதாக முந்துகிறது. பொரித்த கத்தரிக்காய், தக்காளி, துளசியினத்து இலை, உப்பிட்டு உலர்த்திய ரிக்கோட்டா பாலாடைக்கட்டி ஆகியவை சேர்ந்த நோர்மா பாஸ்தா, இவ்வூரில் 1801இல் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் இசைநாடகப் பெயரைத் தாங்கியது. புலால் உண்ணாதவர்கள் இதை நம்பி நான்கு நாளும் வாழலாம். ஆனால் கூம்பு வடிவ அரிசிப் பொரியலான அரன்சீனோவை வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பிஸ்தா என்று எழுதியிருப்பதிலும் பல கடைகளில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். காலைச் சிற்றுண்டிக்குப் பாதாம் கிரானித்தா என்ற பனிக்கூழும் மென்மையான பிரியோஷ் ரொட்டியும் போதும். சதுக்கத்துப் பெட்டிக்கடைகளில் எலுமிச்சையைப் பிழிந்து, சோடா ஊற்றி, உப்புப் போட்டுத் தருகிறார்கள். நம் ஊர் எலுமிச்சை சோடாவேதான், பெயர் மட்டும் செல்ட்ஸ்.

நான்கு இரவுகள் இருந்தால் நான்கையும் கத்தானியாவில் வைத்துக்கொள்ளலாம்; தவோர்மினா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவதால், அதற்கு ஒரு பகலைத் தந்தால் போதும். ஏழு இரவுகள் உள்ளவர்கள் கடைசி இரண்டை ஒர்த்தீஜியாவுக்குக் கொடுக்கலாம். எந்த நாள் மலைக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். காலை ஏழு மணிக்கு எட்னேயா வீதிக்கு வந்து பார்த்து, உச்சி தெளிவாக இருந்தால் எட்டு மணிப் பேருந்துக்குச் செல்லுங்கள். மூட்டமாக இருந்தால் அதே நிலையத்தின் உள்ளே போய்ச் சிரக்கூசாவுக்குச் சீட்டு வாங்குங்கள்.